கடல் நீர்த் தொட்டியும் கணக்குப் புத்தகமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



சங்கக் கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். என் வீட்டில் 200 லிட்டர் கடல் தொட்டி ஒன்று சில வருடங்களாக இருப்பதால், அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, லெட்ஜரோடு காலம் தள்ளியவன். கடல் தொட்டிக்கு அந்தப் படிப்பு நன்றாகவே உதவுகிறது என்று சொல்லத்தான் நிற்கிறேன்.

"கடல் நீர் என்றால் உப்புத் தண்ணீர்தானே, கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் போதாதா?" என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். போதாது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பெரும்பகுதி நாம் சமையலில் போடும் உப்புதான். மீதியில்தான் விஷயம் இருக்கிறது. லிட்டருக்கு மக்னீசியம் சுமார் 1,280 மில்லிகிராம், கால்சியம் சுமார் 420 மில்லிகிராம், அவற்றோடு கார்பனேட், பைகார்பனேட். இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்து அளப்பதை ஆல்கலினிட்டி என்கிறார்கள், தமிழில் காரத்தன்மை. கடலில் அது சுமார் 7 டிகேஎச். டிகேஎச் என்பது ஓர் அலகு, அவ்வளவுதான். கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையில் இவையெல்லாம் சரியான விகிதத்தில் இருக்கும். ஆரம்பத்தில் அதைக் கரைத்து ஊற்றினால் கணக்கு சரியாகத்தான் தொடங்கும்.

பிறகு ஏன் கூடுதலாக மருந்து மாதிரி எதையாவது ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? டோசிங் என்று சொல்லும் இந்த வேலையைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

கடலில் ஓடும் எலும்புக்கூடும் கட்டிக்கொள்ளும் உயிர்கள் பல. பவளம், நத்தை, குழாய்ப்புழு, பாறை மேல் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணப்பாசி எல்லாமே தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணாம்பாக மாற்றுகின்றன. கிளிஞ்சலிலும் முட்டை ஓட்டிலும் இருப்பது இதே பொருள்தான். கடல் பெரியது, ஆறுகளும் கொண்டுவந்து சேர்க்கின்றன, அதனால் அங்கே குறைவு தெரிவதில்லை. 200 லிட்டர் தொட்டியில் எடுத்தது எடுத்ததுதான். யாராவது திருப்பி வரவு வைக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். 1 டிகேஎச் காரத்தன்மை செலவானால், அதோடு லிட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் கால்சியமும் செலவாகிறது. இரண்டும் ஜோடியாகத்தான் போகும். இப்போது இருப்பைப் பாருங்கள். கால்சியம் 420, அதை 7 ஆல் வகுத்தால் 60. அதாவது காரத்தன்மைக் கணக்கில் 7 ரூபாய் இருந்தால் கால்சியம் கணக்கில் 60 ரூபாய் இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு ரூபாய் எடுங்கள். 60 ரூபாய்க்காரருக்கு ஒன்றும் தெரியாது. 7 ரூபாய்க்காரர் உடனே நெளிவார். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காரத்தன்மை. அது நடப்புக் கணக்கு மாதிரி, கால்சியம் வைப்பு நிதி மாதிரி. வைப்பு நிதியைத் தினமும் போய் விசாரிக்க வேண்டியதில்லை.

மக்னீசியத்துக்கு இதில் வேறு வேலை. கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே ஒன்று சேர்ந்து சுண்ணாம்பாக விழுந்துவிடாமல் அது தடுத்து நிற்கிறது. அது குறைந்துபோனால், எவ்வளவு வரவு வைத்தாலும் இருப்பு ஏறவில்லையே என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

இனி அளக்கும் முறை. கடையில் கிடைக்கும் சோதனைக் கிட்டில், கண்ணாடிக் குப்பியில் தொட்டி நீரை எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டு சொட்டாக மருந்து விட வேண்டும். எத்தனை சொட்டு என்பதை வைத்து அளவு தெரியும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். தொட்டியில் ஆவியாகிப் போன தண்ணீரை நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டு, உப்பின் அளவு 35-ல் நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் 5 சதவீதம் குறைந்திருந்தால் எல்லா அளவும் 5 சதவீதம் கூடித் தெரியும். உண்மையில் 7.7 இருப்பது 8.1 என்று காட்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. அதனால் நிரப்புவதும் உப்பில்லாத தண்ணீராக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். போன ஞாயிற்றுக்கிழமை 8.4, இந்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் 7.7. ஏழு நாளில் 0.7 போயிருக்கிறது, ஒரு நாளைக்கு 0.1. இதைத் திருப்பி வைக்க என்ன வேண்டும்? நம் வீட்டு ஆப்ப சோடாதான், சோடியம் பைகார்பனேட். (பேக்கிங் பவுடர் வேறு, அதில் மாவும் அமிலமும் கலந்திருக்கும், அதைத் தொடக் கூடாது.) 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா தேவை. 200 லிட்டருக்கு 6 கிராம். நமக்கு வேண்டியது 0.7 என்பதால் 4.2 கிராம். ஒரு வாரத்துக்கு அவ்வளவுதான். ஒரு டீஸ்பூன் அளவுகூட இல்லை. கைப்பிடிக் கணக்கில் போடாமல், நகைக் கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அதே வாரத்தில் கால்சியம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குறைந்திருக்கும். பெரும்பாலான கால்சியம் கிட்டுகள் 10, 20 என்ற படிகளில்தான் காட்டும், ஆகையால் இந்தக் குறைவு கிட்டில் தெரியவே தெரியாது. "கால்சியம் குறையவில்லை, அதனால் அதைச் சேர்க்க வேண்டாம்" என்று பத்து வாரம் இருந்தால் 50 மில்லிகிராம் போயிருக்கும். ஜோடிக் கணக்கு என்பதை நினைவில் வைத்து, கால்சியம் குளோரைடு 3.7 கிராம் அளவுக்குச் சேர்த்துவிட வேண்டும். இது இரண்டு நீர் மூலக்கூறுகளோடு வரும் டைஹைட்ரேட் வகைக்கான கணக்கு. பாக்கெட்டில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றக் கூடாது. தனித்தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக விட வேண்டும். சேர்த்து விட்டால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகி அடியில் படியும். கவுண்டரில் கட்ட வேண்டிய பணத்தைத் தரையில் கொட்டியது போலத்தான். ஒரு நாளில் காரத்தன்மையை 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றவும் கூடாது. 7-ல் அமைதியாக இருக்கும் உயிர் 8-லும் அமைதியாக இருக்கும். காலையில் 7, மாலையில் 10 என்றால்தான் அதற்குத் தொல்லை.

வரவு வைக்க வைக்க ஒரு மிச்சமும் சேரும். சோடாவிலுள்ள சோடியமும் இந்தக் குளோரைடும் சேர்ந்து சாதாரண உப்பாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். நான் சொன்ன உதாரணத்தில் வருடத்துக்கு 150 கிராம் வரை வரும். மாதம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை மாற்றிப் புது உப்பு நீர் விட்டால் அந்தக் கணக்கும் தீர்ந்துவிடும். செலவு மிகக் குறைவாக உள்ள தொட்டிக்கு இப்படித் தண்ணீர் மாற்றுவதே போதும், தனியாக ஒன்றும் ஊற்ற வேண்டியதில்லை. எந்த வகைத் தொட்டி நம்முடையது என்பதை நோட்டுப் புத்தகம்தான் சொல்லும்.

சுண்ணாம்புத் தெளிநீரை விடும் முறை ஒன்றும் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் உலகம் முழுக்க அதைக் கால்க்வாசர் என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் சுண்ணாம்பு நீர் என்றுதான் அதற்கு அர்த்தம். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரைச் சொட்டு சொட்டாக விடுவார்கள். கால்சியம், காரத்தன்மை இரண்டுமே ஜோடியாக ஏறும், மிச்ச உப்பு சேராது. நல்ல முறைதான். ஆனால் அதன் பிஹெச் 12-க்கு மேல். கண்ணில் பட்டால் கண் போய்விடும். பிள்ளைகள் ஓடி விளையாடும் கூடத்துக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

இனி குன்னூருக்கே உரிய நான்கு விஷயங்கள்.

முதலாவது, குளிர். கீழே சென்னையில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரைக் குளிரவைக்க இயந்திரம் வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை, ஹீட்டர் செலவு உண்டு. வெளியே குளிர், தொட்டியில் 25 டிகிரி என்றால் பனிக்காலத்து வறண்ட காற்றில் தண்ணீர் நிறையவே ஆவியாகும். ஜனவரியில் தினமும் நிரப்ப வேண்டி வரும்.

இரண்டாவது, மூடிய ஜன்னல். இதுதான் பலரையும் ஏமாற்றும். குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்தி, பத்துப் பேர் உட்கார்ந்து பேசினால் அறையில் கரியமில வாயு கூடும். அது தொட்டி நீரில் கரைந்து பிஹெச் இறங்கும். பிஹெச் குறைந்துவிட்டது என்று உடனே சோடாவைப் போட்டால், காரத்தன்மை 8, 9, 11 என்று ஏறிக்கொண்டே போகும், பிஹெச் அசையாது. சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தொட்டி நீரை வாசலுக்குக் கொண்டுபோய், சின்ன ஏர் பம்பால் ஒரு மணி நேரம் குமிழி விட்டுப் பாருங்கள். பிஹெச் ஏறினால் குறை தண்ணீரில் இல்லை, அறைக் காற்றில் இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். காசு செலவில்லாத மருந்து அது.

மூன்றாவது, தண்ணீர். நம் மலையில் சுண்ணாம்புப் பாறை கிடையாது, சார்னோக்கைட் என்னும் கடினப் பாறைதான். அதனால் ரேலியா அணைத் தண்ணீர் மென்மையானது. ஆனால் மென்மை வேறு, சுத்தம் வேறு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆர்.ஓ. வழியாக வந்த தண்ணீரைத்தான் தொட்டிக்கு எடுக்க வேண்டும். ஓடையிலும் ஊற்றிலும் பிடித்து ஊற்றலாமா என்றால், வேண்டாம். தேயிலையில் மழைக்காலத்தில் வரும் கொப்புள நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து தெளிப்பது வழக்கம் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு ஒன்றும் செய்யாத அளவு தாமிரமே நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும்.

நான்காவது, மின்சாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் எத்தனை மணி நேரம் கரண்ட் போகும் என்று உங்களுக்கே தெரியும். நாம் இருக்கும் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும், மீனும் குறைவாகத்தான் விட வேண்டும்.

கடைகளில் ஸ்ட்ரான்சியம், அயோடின், இன்னும் பெயர் வாயில் நுழையாத பல பாட்டில்கள் கிடைக்கும். என் விதி ஒன்றுதான். அளக்க முடியாததை ஊற்றாதீர்கள். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூட எழுதக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. மனுவோடு வைத்திருக்கும் படத்தில் சிவப்பு, ஊதா, பச்சை என்று அழகான பவளங்களை வரைந்திருக்கிறீர்கள். அவற்றை நாம் வைக்கக் கூடாது.

காரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பும் பின்பும் பல காலம் பவளக் கல்லை வெட்டி எடுத்து, வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பயன்படுத்தினார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவு கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. வட்டியை எடுத்துச் சாப்பிடலாம், அசலையே எடுத்துவிட்டால் கணக்கு மூடப்படும். அங்கே கணக்கே மூடிப்போயிற்று. மிச்சம் இருப்பவையும் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளுத்து அவதிப்பட்டன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளத் துண்டுகளைக் கடலுக்குள் நட்டு வளர்த்து வருகிறார்கள். என் தொட்டியில் 4 கிராம் சோடா போட்டால் சரியாகிற மாதிரி அங்கே சரிசெய்ய வழி இல்லை.

2001-ல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி, யானையோடு சேர்த்துவிட்டார்கள். எடுப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். செத்த பவளமும் அதில் அடக்கம். சுற்றுலா போகும்போது அழகுக்கென்று ஒரு துண்டு வாங்கி வருவதும் அதில் சேரும். கடலிலிருந்து எடுத்த பாறையும் வேண்டாம். சில நத்தை, சங்கு வகைகளும் பட்டியலில் உள்ளன, பெயர் கேட்டு ரசீதோடுதான் வாங்க வேண்டும். சங்கத்தின் பெயரில் வைக்கும் தொட்டி, அதில் சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது.

அப்படியானால் என்ன வைக்கலாம்? நீங்கள் நீமோ என்று சொல்லும் கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த ஜோடி ஒன்று வாங்கலாம். கடல் சாமந்தி இல்லாமலே அது நன்றாக வாழும். சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறை போதும். அதன் மேல் நான் சொன்ன இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியைப் படரவிடலாம். என் தொட்டிக் கண்ணாடியிலிருந்து சுரண்டித் தருகிறேன். அது கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துக்கொள்ளும், ஆகவே அளப்பதும் வரவு வைப்பதும் உங்களுக்கு அப்படியே இருக்கும். ஒரு வருடத்தில் வெள்ளைப் பாறை முழுக்க ரோஜா நிறமாவதைப் பார்க்கலாம்.

நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இது. தொட்டி வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. வங்கியில் பதிவு எழுதுகிறவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்திடுகிறவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆள் செய்ய முடியாது. கூடத்துத் தொட்டிக்கும் அதே முறை வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அளந்து எழுதட்டும், பெரியவர்களில் ஒருவர் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே எதையும் ஊற்றலாம். பாட்டில்கள் பூட்டிய அலமாரியில், சாவி செயலாளரிடம். "நானும் கொஞ்சம் போட்டேன்" என்று மூன்று பேர் போட்டால் எந்தத் தொட்டியும் தாங்காது.

புதுத் தொட்டியில் மீன் விடும் முன் நன்மை செய்யும் பாக்டீரியா பெருக எப்படியும் ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரம் வெறும் உப்புத் தண்ணீர்தான் ஓடும். அதைப் பரீட்சையாக வைத்துக்கொள்ளலாம். தேதி, வெப்பம், உப்பு, காரத்தன்மை, ஊற்றியது, இரண்டு கையெழுத்து என்று ஆறு கட்டம். மீன் இல்லாத தொட்டிக்கு முன்னால் தினமும் வந்து வெப்பத்தையும் உப்பையும் பார்ப்பது, வாரா வாரம் காரத்தன்மையை அளப்பது, ஒன்றும் ஊற்றாவிட்டால் "இல்லை" என்று எழுதுவது எல்லாம் சலிப்பான வேலைதான். பரீட்சை நேரத்திலும், மழை கொட்டும் நாளிலும், ஊருக்குப் போனால் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்ச் செய்ய வேண்டிய வேலை. ஆறு வாரம் கழித்துப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். எழுத வேண்டிய ஒரு கட்டமும் காலியாக இல்லையென்றால், மீன் வாங்கும் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.